ஒரே அகத்திக்கு இரண்டு எண்: கீரையில் கரோட்டினாய்டு அளப்பது எப்படி?

கும்பகோணம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்சி. படிக்கும் மாணவி கேட்ட கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "முருங்கை, அகத்தி, அரைக்கீரை, சிவப்புத் தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணி ஆகிய ஐந்திலும் மொத்தக் கரோட்டினாய்டு அளக்கிறேன். 80 சதவீத அசிட்டோனில் அரைத்து, சாறு எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் ரீடிங் எடுக்கிறேன். வீட்டு மரத்து அகத்திக்கு ஓர் எண் வந்தது. அடுத்த வாரம் மார்க்கெட் அகத்திக்கு அதில் பாதிதான் வந்தது. சிவப்புத் தண்டுக்கீரை எல்லாவற்றையும் தாண்டி நிற்கிறது. முருங்கைப் பொடியில் பச்சை இலையைப் போல மூன்று மடங்கு இருக்கிறது. அட்டவணைகளில் வேறு வேறு எண். நிறமிகளைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி மெஷின் எங்களிடம் கிடையாது. இதை வைத்து ப்ராஜெக்ட் எழுத முடியுமா?"

முடியும். உங்கள் மெஷின் மேல் சந்தேகப்பட வேண்டாம். நீங்கள் சொன்ன நான்கு குழப்பத்துக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது, எல்லாமே இலை மெஷினுக்குள் போவதற்கு முன்னாலோ, எண் வெளியே வந்த பின்னாலோ நடப்பவை. இருபது வருடத்துக்கு மேல் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் கீரை அரைத்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில், எதை அளக்கிறோம் என்பது. கரோட்டினாய்டு ஒரு பொருள் கிடையாது, மஞ்சள், ஆரஞ்சு நிறமிகளின் ஒரு குடும்பம். பச்சை இலை எதுவாக இருந்தாலும் அதில் பெரும்பாலும் நான்கு பேர்தான்: லூட்டின், பீட்டா கரோட்டின், வயலாக்சாந்தின், நியோக்சாந்தின். இதில் லூட்டின்தான் மூத்தது, ஏறக்குறைய பாதி. பீட்டா கரோட்டின் கால் பங்கிலிருந்து முப்பது சதவீதம் வரை. மீதியை மற்ற இரண்டும் பகிர்ந்துகொள்கின்றன. தக்காளியில் இருக்கும் லைக்கோபீன் கீரையில் கிடையாது. இந்த நான்கில் நம் உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்வது பீட்டா கரோட்டினை மட்டும்தான். லூட்டின் கண்ணின் விழித்திரை நடுவில் போய்ச் சேர்கிறது, அதற்கு வேறு வேலை இருக்கிறது, ஆனால் வைட்டமின் ஏ ஆகாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

இந்த நிறங்களைப் பிரித்துப் பார்க்கும் வித்தையே கீரை மாதிரியான பச்சை இலையிலிருந்துதான் பிறந்தது. வார்சாவில் இருந்த மிகயீல் ட்ஸ்வெத் என்ற தாவரவியலாளர், கண்ணாடிக் குழாயில் கால்சியம் கார்பனேட் தூளை இறுக்கி நிரப்பி, மேலே இலைச் சாற்றை ஊற்றினார். பச்சையும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாகப் பிரிந்து இறங்கியது. 1906இல் அதற்கு குரோமட்டோகிராபி என்று பெயர் வைத்தார். இன்றைக்கு மருந்துக் கம்பெனியிலிருந்து தடய அறிவியல் கூடம் வரை ஓடும் ஹெச்.பி.எல்.சி எல்லாம் அந்தக் குழாயின் வம்சம்தான். உங்கள் கல்லூரியில் ஹெச்.பி.எல்.சி இல்லை என்று வருத்தப்பட்டீர்கள், ட்ஸ்வெத்திடமும் இல்லை. அவர் செய்ததை நீங்களும் செய்யலாம். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

சரி, அகத்திக்கு வருவோம்.

நம் பக்கத்துக் கொடிக்காலில் வெற்றிலைக் கொடி ஏறுவதற்கு அகத்தியைத்தான் நடுவார்கள். கொடிக்கும் நிழல், மனிதருக்கும் கீரை, அமாவாசைக்கு மாட்டுக்கும் ஒரு கட்டு. மார்க்கெட்டில் நீங்கள் வாங்கிய கட்டு அப்படி ஒரு கொடிக்காலில் அதிகாலையிலோ முந்தின நாள் மாலையிலோ ஒடித்ததாக இருக்கலாம். வண்டியில் வந்து, சாக்கு மேல் கிடந்து, வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளிக்கப்பட்டு, வெயில் ஏறிய பின் உங்கள் கைக்கு வந்திருக்கும். வீட்டு மரத்தில் பறித்தது பத்து நிமிடத்தில் கல்வத்துக்குள் போயிருக்கும். இரண்டும் அகத்திதான், ஆனால் இரண்டும் ஒரே மாதிரிப் பொருள் என்று தராசுக்குத் தெரியாது. தெளித்த தண்ணீரும் கிராமில் சேரும், அதனால் எண் இறங்கும். வாடிய இலையில் தண்ணீர் குறைந்திருக்கும், அதனால் எண் ஏறும். கொழுந்தா முற்றலா என்பதும் எண்ணை மாற்றும், பொதுவாகக் கரும்பச்சையாக விரிந்த இலையில்தான் நிறமி கூட இருக்கும், வெளிர் கொழுந்தில் குறைவு. இவ்வளவும் மெஷினைத் தொடுவதற்கு முன்.

ஆகவே கீரையை ஆய்வதில் தொடங்குங்கள். நம் மொழியில் கீரை ஆய்வதற்கும் ஆராய்ச்சி செய்வதற்கும் ஒரே சொல் இருப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். பாட்டி முறத்தில் போட்டு பழுத்த இலை, பூச்சி அரித்த இலை, முற்றிய காம்பு என்று பிரித்துப் போட்டாரே, அதே வேலைதான் இது. சமையலுக்குப் போகும் பகுதி எது என்று முடிவு செய்து எழுதி வையுங்கள். அகத்தியில் சிற்றிலையை மட்டும் உருவி எடுத்தீர்களா, நடுக்காம்போடு நறுக்கினீர்களா? தண்டுக்கீரையில் தண்டு சேர்ந்ததா இல்லையா? தண்டில் நிறமி மிகக் குறைவு, அதைச் சேர்த்தால் எண் சரியும். ஒரே கட்டை வைத்து ஒரு கீரைக்கு எண் சொல்லாதீர்கள். மூன்று இடத்துக் கட்டு வாங்குங்கள். கொள்ளிடப் படுகையில் விளைந்தது ஒன்று, வாய்க்கால் கரைத் தோட்டத்தில் ஒன்று, வீட்டுக் கொல்லையில் ஒன்று. ஒவ்வொன்றையும் ஆய்ந்து, அலசி, மெல்லிய துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்து, எல்லாவற்றையும் பொடியாக நறுக்கிக் கலந்து, அதிலிருந்து நிறுத்து எடுங்கள். அதே கலவையில் இன்னொரு பங்கை எடுத்து ஈரப்பதம் பாருங்கள். ஈரப்பதம் எழுதாத கரோட்டின் எண்ணை நான் நம்புவதே இல்லை.

பறிக்கும் நேரமும் முக்கியம். உச்சி வெயிலில் இலை தன்னைக் காத்துக்கொள்ள வயலாக்சாந்தினை சீயாக்சாந்தினாக மாற்றுகிறது. வெயில் தாழ்ந்தால் மறுபடி வயலாக்சாந்தின். மொத்த அளவு பெரிதாக மாறாது, ஆனால் தனித்தனியாகப் பிரித்து அளப்பவர்களுக்குக் காலை இலையும் நண்பகல் இலையும் ஒன்றாகத் தெரியாது. ஐந்து கீரையையும் ஒரே நேரத்தில் பறியுங்கள்.

அப்புறம் அரைக்கும் கட்டம். உங்கள் எண்ணைப் பாதியாக்கக்கூடிய இன்னொரு இடம் இதுதான். இலை முழுசாக இருக்கும்வரை நிறமி பத்திரமாக இருக்கிறது. நசுங்கிய நொடியில் இலைக்குள் தனித்தனி அறையில் இருந்த நொதியும் அமிலமும் காற்றும் ஒன்றாகச் சேர்ந்து அதன் மேல் பாய்கின்றன. கரோட்டினாய்டுக்கு எதிரிகள் நால்வர்: வெளிச்சம், சூடு, ஆக்சிஜன், அமிலம். நம் ஊர் சித்திரை மாதத்து ஆய்வகத்தில் இந்த நால்வரும் ஒரே அறையில் இருப்பார்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பொன்னாங்கண்ணிச் சாற்றை காலையில் தயாரித்து, தெளிந்த கண்ணாடிக் குடுவையில் ஜன்னல் ஓர மேசையில் வைத்துவிட்டு, மின்சாரம் வரட்டும் என்று காத்திருந்தேன். பதினோரு மணிக்கு ஒரு ரீடிங், மதியம் சாப்பிட்டு வந்து ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று. ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் குறைவு. மூன்றின் சராசரியை எடுத்து நோட்டில் எழுதினேன். எங்கள் மூத்த அம்மா ஒருவர் நோட்டைப் பார்த்துவிட்டு, "மூணு ரீடிங்கும் ஒரே பக்கமா இறங்குதுன்னா அது சராசரி எடுக்கற விஷயம் இல்லடி, குடுவைக்குள்ள ஏதோ செத்துக்கிட்டு இருக்கு" என்றார். அந்த வாக்கியத்தை இன்றுவரை மறக்கவில்லை. உங்கள் மார்க்கெட் அகத்திச் சாறு இரவு முழுக்க இருந்ததா, அரைத்தவுடன் ரீடிங் எடுத்தீர்களா என்று நோட்டைப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஜன்னலை மூடி, குழல் விளக்கை அணைத்து, மங்கலான மஞ்சள் விளக்கில் வேலை செய்யுங்கள். குடுவைக்கெல்லாம் அலுமினியத் தாள் சுற்றுங்கள். அசிட்டோனை முன்னாலேயே ஐஸில் வையுங்கள், கல்வத்தையும்தான். அரைக்கும்போது ஒரு சிட்டிகை மெக்னீசியம் கார்பனேட் அல்லது கால்சியம் கார்பனேட் போடுங்கள், இலையின் அமிலத்தை அது வாங்கிக்கொள்ளும். புளிச்சக்கீரையை என்றாவது அளந்தால் இதை விடவே கூடாது. அமிலம் பட்டால் வயலாக்சாந்தினும் நியோக்சாந்தினும் உருமாறிப் போகும், பச்சையமும் (குளோரோபில்) மெக்னீசியத்தை இழந்து பழுப்புப் பச்சையாகும். கீரையில் புளி விட்டதும் நிறம் மங்குவதைச் சமையலறையில் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதிதான். பியூட்டைலேட்டட் ஹைட்ராக்ஸிடொலுவீன் 0.1 சதவீதம் கரைப்பானில் கலந்தால் ஆக்சிஜனுக்கு ஒரு தடுப்பு. அரைத்து, வடித்து, சக்கையை மறுபடி அரைத்து, சக்கை வெளுக்கும்வரை திரும்பத் திரும்ப எடுங்கள். இரண்டு முறையோடு நிறுத்திவிட்டு மூன்றாவது வடிநீர் இன்னும் மஞ்சளாக வந்தால், அந்த மஞ்சள் உங்கள் கணக்கில் வராத கரோட்டினாய்டு. தொடக்கத்திலிருந்து கடைசி ரீடிங் வரை ஒரே மூச்சில், அதே நாளில் முடியுங்கள். காலையில் மின்சாரம் எப்போது போகும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அரைக்கத் தொடங்குவது டெல்டாவில் வேலை செய்பவர்களுக்கு ஒரு நல்ல பழக்கம்.

இனி கணக்கு. நீங்கள் பயன்படுத்துவது லிக்டென்தாலர் என்ற ஆய்வாளர் 1987இல் கொடுத்த சூத்திரமாக இருக்க வேண்டும். 80 சதவீத அசிட்டோனுக்கு அது இப்படி:

குளோரோபில் ஏ = 12.25 × (663.2 நானோமீட்டர் ரீடிங்) − 2.79 × (646.8 ரீடிங்)
குளோரோபில் பி = 21.50 × (646.8 ரீடிங்) − 5.10 × (663.2 ரீடிங்)
மொத்தக் கரோட்டினாய்டு = (1000 × 470 ரீடிங் − 1.82 × குளோரோபில் ஏ − 85.02 × குளோரோபில் பி) ÷ 198

விடை ஒரு மில்லிலிட்டருக்கு மைக்ரோகிராமில் வரும். கலப்பில்லாத முழு அசிட்டோனுக்கு எண்களும் அலைநீளங்களும் வேறு. பலர் முழு அசிட்டோனில் அரைத்துவிட்டு 80 சதவீதச் சூத்திரத்தைப் போடுகிறார்கள், அல்லது 1949இல் ஆர்னான் பச்சையத்துக்குக் கொடுத்த எண்களையும் இதையும் பாதிப் பாதியாகக் கலக்கிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். 5 கிராம் பச்சை இலைக்குள்ளேயே கிட்டத்தட்ட 4 மில்லி தண்ணீர் இருக்கிறது. 25 மில்லி முழு அசிட்டோனில் அதை அரைத்தால் கையில் இருப்பது முழு அசிட்டோன் ஆகாது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். அரை கிராம் இலை, கடைசியில் 50 மில்லி சாறு. 663.2இல் 0.620, 646.8இல் 0.280, 470இல் 0.600 என்று வைத்துக்கொள்ளுங்கள். குளோரோபில் ஏ 6.81, பி 2.86, கரோட்டினாய்டு 1.74 மைக்ரோகிராம். அதை 50ஆல் பெருக்கி 0.5ஆல் வகுத்தால் ஒரு கிராம் இலைக்கு 174, நூறு கிராமுக்கு 17,400 மைக்ரோகிராம். இப்போது 646.8 ரீடிங் மட்டும் 0.010 தப்பி 0.290 என்று வந்ததாக வைத்துக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். கரோட்டினாய்டு 1.65க்கு இறங்கிவிடும். சிவப்பு ஒளியில் ஒரு சின்னத் தவறு, மஞ்சள் நிறமியின் கணக்கில் ஐந்து சதவீதம் சரிந்தது. ஏன் என்றால் இந்த முறையில் கரோட்டினாய்டை நாம் நேராக அளப்பதில்லை. 470இல் தெரியும் மொத்தத்திலிருந்து பச்சையத்தின் பங்கைக் கழித்து மீதியைக் கரோட்டினாய்டு என்கிறோம். கழிக்கும் எண்ணும் பெரிது, அதில் வரும் சின்னத் தவறும் மீதியில் வந்து விழும். ஆகவே சாறு கலங்கலாக இருந்தால் எல்லாம் போச்சு. 750இல் ஒரு ரீடிங் எடுங்கள், அங்கே பூஜ்ஜியத்தை ஒட்டி இல்லையென்றால் மறுபடி வடியுங்கள். உங்கள் மெஷின் பழைய மாடலாக, 10 அல்லது 20 நானோமீட்டர் அகலத்து ஒளிக்கற்றை தருவதாக இருந்தால் பச்சையத்தின் கூர்மையான சிகரம் மழுங்கித்தான் தெரியும். புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் வைத்த அலைநீளத்துக்கு அந்த மெஷின் ஏற்றதில்லை. ரீடிங்குகள் 0.2க்கும் 0.8க்கும் நடுவில் விழும்படி சாற்றை நீர்க்கச் செய்யுங்கள்.

சிவப்புத் தண்டுக்கீரை முதலிடம் வந்ததற்குக் காரணம் சுலபம். அந்தச் சிவப்பு கரோட்டினாய்டே இல்லை. தண்டுக்கீரை, சிவப்புப் பொன்னாங்கண்ணி, பீட்ரூட் எல்லாவற்றிலும் இருப்பது பீட்டாலைன் என்ற வேறு குடும்பம். தண்ணீரில் கரையும். கீரை வெந்த தண்ணீர் இளஞ்சிவப்பாவது அதனால்தான். உங்கள் 80 சதவீத அசிட்டோனில் 20 சதவீதம் தண்ணீர் இருக்கிறதே, அதில் இதுவும் கரைந்து வந்துவிட்டது. அதன் உச்சம் 535 நானோமீட்டர் பக்கம் என்றாலும் சரிவு 470 வரை நீளும். சூத்திரத்துக்குப் பச்சையத்தைக் கழிக்கத்தான் தெரியும், பீட்டாலைனைக் கழிக்கத் தெரியாது. எல்லாவற்றையும் கரோட்டினாய்டு கணக்கில் எழுதிவிட்டது. சிவப்பாக இருந்தால் கரோட்டின் கூடுதல் என்று கடைக்காரர் முதல் பத்திரிகை வரை சொல்வதால், தவறான எண் நம் எதிர்பார்ப்போடு ஒத்துப்போய்க் கண்ணில் படாமல் நின்றுவிடுகிறது. அதுதான் எனக்குக் கவலை.

சரிபார்க்க ஒரு பிரிபுனல் போதும், ஒன்றோடொன்று கலக்காத திரவங்களை அடுக்காகப் பிரிக்கும் புனல் அது. 40 மில்லி பெட்ரோலியம் ஈதரை அதில் விட்டு, அசிட்டோன் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, தண்ணீரைச் சுவர் ஓரமாக மெதுவாக ஊற்றுங்கள். குலுக்காதீர்கள், பால் மாதிரி ஆகிவிடும். கரோட்டினாய்டும் பச்சையமும் மேலே ஈதருக்குப் போகும், கீழே தண்ணீர் இளஞ்சிவப்பாகப் பிரியும். அந்தச் சிவப்பைக் கண்ணால் பார்த்த பின் யாருக்கும் சந்தேகம் இருக்காது. கீழ் அடுக்கை வடித்துவிட்டு மூன்று நான்கு முறை தண்ணீரால் கழுவுங்கள்.

இங்கே வந்தபின் நீங்கள் ட்ஸ்வெத்தின் வழியில் நடக்கத் தொடங்கிவிட்டீர்கள். ஈதர் அடுக்கோடு மெத்தனாலில் கரைத்த 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சம அளவு சேர்த்து இருட்டில் இரவு முழுக்க வைத்தால் பச்சையம் உடைந்து தண்ணீரில் கரையும் பொருளாகிவிடும். கழுவினால் மேலே தூய மஞ்சள். நீரற்ற சோடியம் சல்பேட் போட்டு ஈரத்தை எடுத்துவிடுங்கள். இதில் ஒரு இழப்பு உண்டு, சொல்லிவிடுகிறேன். கழுவும் தண்ணீரோடு லூட்டினும் மற்ற இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். பீட்டா கரோட்டின் எண்ணெய்ப் பிடிப்பு உள்ளது, ஈதரை விட்டு நகராது. ஆகவே வைட்டமின் ஏ கணக்குக்குப் பீட்டா கரோட்டின் மட்டும் வேண்டும் என்றால் தைரியமாகச் செய்யலாம். லூட்டினும் வேண்டும் என்றால் இந்தக் கட்டம் வேண்டாம். கீரையில் கரோட்டினாய்டுகள் கொழுப்பு அமிலத்தோடு பிணைந்திருப்பதில்லை, பழத்தில்தான் அந்தத் தொல்லை, ஆகவே அதைப் பிரிப்பதற்காகவும் இந்தக் கட்டம் தேவையில்லை.

அடுத்து, பியூரெட் மாதிரி ஒரு குழாயில் அலுமினா நிரப்பி, மேலே அந்த மஞ்சள் சாற்றை விட்டு, பெட்ரோலியம் ஈதரில் இரண்டு மூன்று சதவீதம் அசிட்டோன் கலந்து ஓடவிடுங்கள். முதலில் இறங்கும் ஆரஞ்சு மஞ்சள் பட்டைதான் பீட்டா கரோட்டின். மற்றவை மேலேயே பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தப் பட்டையை மட்டும் பிடித்து, ஈதரில் அளவு செய்து 450 நானோமீட்டரில் படியுங்கள். நூறு மில்லியில் ஒரு கிராம் பீட்டா கரோட்டின் இருந்தால் பெட்ரோலியம் ஈதரில் ரீடிங் 2592 வரும் என்பது எல்லோரும் ஏற்றுக்கொண்ட மாறிலி. 5 கிராம் இலை, 100 மில்லி, ரீடிங் 0.648 என்றால், 0.648ஐ 2592ஆல் வகுக்க 0.00025 கிராம், அதாவது 250 மைக்ரோகிராம். கிராமுக்கு 50, நூறு கிராமுக்கு 5000. கடையில் வாங்கும் சுத்தமான பீட்டா கரோட்டினையும் இதே மாறிலியால் சரிபாருங்கள். குப்பியில் 95 சதவீதம் என்று எழுதியிருப்பது வந்திறங்கிய நாளின் கதை.

முதல் முறை செய்பவர்களுக்கு மென்படலத் தகட்டில் ஒரு முறை ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். சிலிக்கா தகடு, பெட்ரோலியம் ஈதரும் அசிட்டோனும் 70க்கு 30. உச்சியில் கரோட்டின், அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் சிதைந்த பச்சையம், பிறகு நீலப்பச்சையில் குளோரோபில் ஏ, மஞ்சள் பச்சையில் பி, அப்புறம் லூட்டின், வயலாக்சாந்தின், அடியில் நியோக்சாந்தின். சாம்பல் புள்ளி அழுத்தமாக வந்தால் உங்கள் சாற்றுக்கு அமிலம் பட்டிருக்கிறது என்று அந்தத் தகடே சொல்லிவிடும்.

ஹெச்.பி.எல்.சி கிடைத்தால் நல்லதுதான். அதில் சி-18 என்ற வகைப் பிரிப்புக் குழாய் பொதுவான வேலைக்குப் போதும். லூட்டினையும் சீயாக்சாந்தினையும் நன்றாகப் பிரிக்கவும், சமைத்தபின் பீட்டா கரோட்டின் வளைந்து உருமாறியதைப் பார்க்கவும் சி-30 வகைக் குழாய். தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் பக்கத்திலேயே இருக்கிறது, ஒன்றிரண்டு மாதிரியை அங்கே கொடுத்து அளக்க முடியுமா என்று உங்கள் துறைத்தலைவர் வழியாகக் கேளுங்கள். நீங்கள் குழாயில் பெற்ற எண்ணோடு அது ஒத்துப்போனால் மீதி எல்லாவற்றுக்கும் உங்கள் முறையே போதும்.

முருங்கைப் பொடிக்கு வருகிறேன். பச்சை முருங்கை இலையில் நூற்றுக்கு ஏறத்தாழ 76 தண்ணீர், 24தான் திடப்பொருள். பொடியில் 7 சதவீதம் ஈரம் என்று வைத்தால் 93 திடப்பொருள். 93ஐ 24ஆல் வகுங்கள், 3.9. ஒரு துளி நிறமியும் போகாமல் காய்ந்திருந்தால் பொடியில் 3.9 மடங்கு இருந்திருக்க வேண்டும். உங்களுக்கு 3 மடங்குதான் வந்தது. ஆக, காயவைத்ததில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விட்டது. பொடியில் மூன்று மடங்கு சத்து என்று எழுதப்போன இடத்தில், கால் பங்கு இழப்பு என்று எழுத வேண்டியிருக்கிறது பாருங்கள். நிழலில் காயவைத்ததா, மாடி வெயிலில் காயவைத்ததா? மாடி வெயில் என்றால் இழப்பு இன்னும் கூடுதலாக இருந்திருக்கும். அடுத்த முறை இரண்டையும் செய்து ஒப்பிடுங்கள், உங்கள் ப்ராஜெக்டில் அந்தப் பகுதிதான் வீடுகளுக்கு நேரடியாக உதவும். வேகவைத்த கீரையை அளந்தாலும் இதே எச்சரிக்கைதான். வெந்தபின் தண்ணீரோடு கரையும் பொருள்கள் வெளியேறுவதாலும், நிறமி எளிதாக வெளிவருவதாலும் எண் கூடிய மாதிரித் தெரியும். சமைக்கும் முன்னும் பின்னும் மொத்த எடையை நிறுத்துக் கணக்கிட்டால்தான் உண்மை தெரியும்.

அட்டவணைகளில் எண் வேறுபடுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் முருங்கைக்கீரைக்கு நூறு கிராமில் 6780 மைக்ரோகிராம் கரோட்டின் என்று இருக்கும். அதே நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுகள் இருக்கின்றன, லூட்டின், பீட்டா கரோட்டின் என்று தனித்தனியாகப் பிரித்தே தந்திருக்கிறார்கள். முறையும் மாதிரியும் மாறினால் எண் மாறும். உங்கள் எண் அட்டவணையோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக அதைத் திருத்தி எழுதிவிடாதீர்கள் அம்மா, அதற்கு அளக்காமலே இருந்துவிடலாம். எது மொத்தம், எது பீட்டா கரோட்டின் என்று மட்டும் பார்த்து ஒப்பிடுங்கள். முதலில் போட்ட உதாரணத்தில் வந்த 17,400ஐ 5000த்தோடு ஒப்பிட்டுப் பயப்படுவதில் பொருளில்லை. ஒன்று குடும்பம் முழுக்க, மற்றது ஓர் ஆள்.

வைட்டமின் ஏ கணக்கில் எல்லோரும் சறுக்கும் இடமும் இதுதான். மொத்தக் கரோட்டினாய்டை எடுத்து வைட்டமின் ஏ என்று எழுதிவிடுகிறார்கள். பீட்டா கரோட்டினை மட்டும் எடுங்கள். முன்பு 6 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டினுக்கு 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ என்று கணக்கு வைத்திருந்தார்கள். 2001இல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற நிறுவனம் அதை உணவிலிருந்து வருவதற்கு 12க்கு 1 என்று மாற்றியது. 6780ஐ முன்னதன்படி வகுத்தால் 1130, பின்னதன்படி 565. இலையில் ஒரு மாற்றமும் இல்லை, வகுக்கும் எண் மட்டும் மாறியது. நீங்கள் எதில் வகுத்தீர்கள் என்று எழுதிவிடுங்கள். வயிற்றில் எவ்வளவு சேரும் என்பது சமைக்கும் விதத்தைப் பொறுத்தது. நன்றாக வேகவைத்து மத்தால் கடைந்து எண்ணெயில் தாளித்த கீரைக் கடைசலிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வது, எண்ணெய் படாத பச்சை இலையிலிருந்து எடுப்பதைவிட நிச்சயம் கூடுதல். இந்த நிறமி கொழுப்போடு சேர்ந்துதான் குடலைத் தாண்டும்.

இப்போது உங்கள் பட்டியலுக்குத் திரும்புகிறேன். முருங்கையும் அரைக்கீரையும் இப்போது கையில் இருக்கும் முறையிலேயே போகலாம், ஈரப்பதத்தை மட்டும் சேருங்கள். சிவப்புத் தண்டுக்கீரையைப் பிரிபுனல் வழியாகத் திரும்பச் செய்யுங்கள், பொன்னாங்கண்ணியும் சிவப்பு வகையென்றால் அதையும். அகத்தியை முதலிலிருந்து தொடங்குங்கள். தெரிந்த கொடிக்கால்காரர் யாராவது இருந்தால் காலை ஏழு மணிக்குள் போய், ஒரே மரத்தில் கொழுந்து ஒரு பை, விரிந்த இலை ஒரு பை, முற்றல் ஒரு பை என்று தனித்தனியாக ஒடித்து, ஈரத்துணி சுற்றி ஐஸ் பெட்டியில் போட்டுக் கொண்டுவாருங்கள். அதில் விரிந்த இலையில் பாதியை உடனே அரையுங்கள். மீதிப் பாதியைச் சாக்கு மேல் போட்டு, தண்ணீர் தெளித்து, மார்க்கெட்டில் கிடப்பது போலவே மதியம் வரை கிடத்தி, பிறகு அரையுங்கள். இரண்டுக்கும் ஈரப்பதம் பார்த்து, உலர் எடைக்குக் கணக்குப் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். நீங்கள் பார்த்த பாதி எங்கே போனது என்று அந்த இரண்டு வரிகளில் தெரிந்துவிடும். எண்கள் வந்ததும் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், மூன்று ரீடிங்கும் எத்தனை மணிக்கு எடுத்தது என்பதோடு.